ஏசி மெக்கானிக்கா தனியா கிளம்புறேன், 45 ஆயிரத்துக்குள்ள டூல்ஸ் எத முதல்ல வாங்கறது?

#1 ஹெல்பர்பையன்_திண்டுக்கல்
அண்ணன்களுக்கு வணக்கம். ஐடிஐல ஏசி மெக்கானிக் ட்ரேடு 2 வருஷம் முடிச்சேன், அப்புறம் 2 வருஷம் எங்க ஊர்லயே ஒரு மாஸ்டர்கிட்ட ஹெல்பர். இப்ப அவரே "போதும்டா, தனியா பாத்துக்க, ஆனா என் கஸ்டமர்கிட்ட போயிறாத"னு சொல்லிட்டாரு. அம்மா சீட்டு எடுத்து 45 ஆயிரம் குடுத்திருக்காங்க. பைக் இருக்கு. ஸ்க்ரூ ட்ரைவர், கட்டிங் பிளேயர், ஒரு ஸ்க்ரூ ஸ்பேனர், லைன் டெஸ்டர் இவ்ளோதான் சொந்தமா இருக்கு, மிச்சமெல்லாம் மாஸ்டரோடது. ஆன்லைன்ல ஒரே பெட்டில எல்லாம் போட்டு, காப்பர் பைப் வாய விரிக்கற ஃப்ளேரிங் செட், கேஸ் பிரஷர் பாக்கற கேஜ், கட்டர், ஒயர கவ்வி கரண்ட் பாக்கற கிளாம்ப் மீட்டர், ஸ்பேனர்னு 14 ஆயிரத்துக்கு ஒரு கிட் காட்டுது. அத தட்டிவிட்டுரலாமா? சீசன் ஆரம்பிச்சிருச்சு, சீக்கிரம் சொல்லுங்கண்ணே.

#2 கோவை_கூலிங்
தம்பி, அந்த கிட்ட வாங்காதீங்க. நானும் ஆரம்பத்துல அதே மாதிரி ஒண்ணு வாங்கினவன்தானுங்க. அந்தப் பெட்டில நாலு சாமான் உருப்படியா இருக்கும், மிச்சம் பத்து பாக்க மட்டும். மீட்டர் இருக்கும், ஆனா கம்ப்ரசர் மோட்டார ஓட்டற கெப்பாசிட்டர் பாக்க முடியாது. ஃப்ளேரிங் செட் இருக்கும், ஆனா பழைய மாடல் கூம்பு, பைப்ப நசுக்கி நசுக்கி ஓரம் வெடிச்சுப் போகும். கேஜ் எந்த கேஸுக்குனே போட்டிருக்காது.

எதைத் தினமும் தொடறமோ அதுல காச போடுங்க. சம்மர்ல நமக்கு வர்ற போன் கால்ல பாதி என்னன்னு உங்களுக்கே தெரியும், "ஃபேன் ஓடுது, கூலிங் வரல." அதுல பாதி கெப்பாசிட்டர். அதனால மொத சாமான் கிளாம்ப் மீட்டர். ஏசி ஆம்ப்ஸ், டிசி வோல்ட், கெப்பாசிட்டருக்கு மைக்ரோஃபாரட், டெம்பரேச்சர் நாலும் பாக்கறதா இருக்கணும், ட்ரூ ஆர்எம்எஸ்னு போட்டிருக்கணும், இன்வெர்டர் ஏசில சாதா மீட்டர் கண்டபடி ரீடிங் காட்டும். கேட் 3, 600 வோல்ட்டுனு பாதுகாப்பு ரேட்டிங் அச்சடிச்சிருக்கானு பாத்துக்கங்க. ஸ்க்ரூ ட்ரைவர், பிளேயர்லாம் தபாரியா பிராண்டா வாங்கிப் போடுங்க, எங்கப்பா வாங்கினது இன்னும் என் பைல கிடக்கு.

அப்புறம் பெட்டி வாங்கவே வாங்காதீங்க, பை வாங்குங்க. பைக்ல இரும்புப் பெட்டிய வெச்சு கட்டி ஒரு தடவ ஸ்பீட் பிரேக்கர்ல ஏறினீங்கன்னா புரியும்.

#3 கம்ப்ரசர்_தாத்தா
தம்பி நல்லா இரு. நான் திருச்சி, 28 வருஷமா இந்தத் தொழில்தான். ஆரம்பிக்கும்போது என்கிட்ட ஒரு கேஜ், ஒரு ஸ்பேனர், ஒரு டெஸ்ட் லேம்ப், அவ்ளோதான். இப்ப வர்ற பசங்க பைப்புல இருக்கற காத்த உறிஞ்சற வேக்கம் பம்ப், அத அளக்கற மைக்ரான் கேஜ், நட்ட அளவா இறுக்கற டார்க் ரெஞ்ச்னு அடுக்குறாய்ங்க, வேலை தெரியாதவனுக்குத்தான் சாமான் ஜாஸ்தி வேணும். இன்ஸ்டலேஷனுக்கு வேக்கமே வேணாம்ப்பா, லிக்விட் வால்வ கால் சுத்து திறந்து இந்தப் பக்கம் நட்ட லூஸ் பண்ணி பத்து செகண்ட் கேஸ வுட்டா காத்து தன்னால வெளிய போயிரும். எத்தனை ஆயிரம் மெஷின் அப்படிப் போட்டிருப்பேன், ஓடிட்டுதான் இருக்கு. அந்த பம்ப் காசுல ஒரு நல்ல ஹேமர் ட்ரில் வாங்கு, அது சோறு போடும்.

#4 ஷார்ஜா_டக்ட்காரன்
தாத்தா மேல மரியாதை இருக்கு, ஆனா இது ஆர்22ங்கற பழைய கேஸ் காலத்து கதை. இப்ப வர்ற ஆர்32 கேஸ் மெஷின்ல பத்து செகண்ட் கேஸ ரூமுக்குள்ள விட்டா என்ன ஆகும்னு யோசிங்க, அது தீப்பிடிக்கிற கேஸ். மெதுவாத்தான் பத்தும், சரி, ஆனா பத்தும். பக்கத்துல எவனாவது பீடி பத்த வெச்சான்னா?

#5 கம்ப்ரசர்_தாத்தா
இதுவரைக்கும் பத்தலயேப்பா.

#6 ஐடிஐ_வாத்தியாரம்மா
நான் ஐடிஐல இந்த ட்ரேடுதான் எடுக்கறேன், ரெண்டு பேர் சொல்றதையும் பாத்துட்டு சும்மா போக மனசு வரல.

தாத்தா சொல்ற, கேஸ வுட்டு காத்த தள்ளற பர்ஜ் முறைல காத்து பெரும்பாலும் போயிடும், உண்மைதான். போகாதது ஈரம். காப்பர் பைப் உள் சுவத்துல ஒட்டிட்டு இருக்கற தண்ணிய கேஸ் ஊதி வெளிய தள்ளாது, அது கொதிச்சு ஆவியாகித்தான் வெளிய வரணும். நம்ம ஊர் 30 டிகிரில தண்ணி கொதிக்கணும்னா உள்ள பிரஷர் 32 மில்லிமீட்டர் பாதரசத்துக்குக் கீழ போகணும், வெளிய இருக்கறது 760. அந்த வித்தியாசத்த பம்ப் மட்டும்தான் பண்ணும்.

பழைய ஆர்22 மெஷின்ல மினரல் ஆயில். அது ஈரத்த அவ்வளவா உறிஞ்சாது, அதனாலதான் தாத்தா போட்ட மெஷின் ஓடிட்டு இருக்கு, அவர் பொய் சொல்லல. இப்ப வர்ற ஆர்32, ஆர்410ஏ மெஷின்ல பெரும்பாலும் பிஓஇ ஆயில். அது உப்பு மாதிரி, திறந்து வெச்சா காத்துல இருக்கற ஈரத்த குடிக்கும், குடிச்சா நாளடைவுல ஆசிட் ஆகும், மோட்டார் வைண்டிங்க அரிக்கும். ஒரே நாள்ல தெரியாது, ரெண்டாவது வருஷம் கம்ப்ரசர் போகும். அப்ப கஸ்டமர் கம்பெனியத்தான் திட்டுவாரு.

இன்னொண்ணு. சில பேர் பம்ப் இல்லாம அவுட்டோர் கம்ப்ரசரயே ஓடவிட்டு வேக்கம் இழுக்கறாங்க, இல்லன்னா கேஸ அவுட்டோருக்குள்ள இழுத்து லாக் பண்ணும்போது எங்கயோ லீக் இருந்து காத்தும் சேந்து உள்ள போகுது. காத்து, ஆயில், அழுத்தம், சூடு எல்லாம் ஒரே இடத்துல. டீசல் இன்ஜின் எப்படி வேலை செய்யுதோ அதேதான். கம்ப்ரசர் வெடிக்கும். தயவுசெஞ்சு யாரும் பண்ணாதீங்க.

#7 ஹெல்பர்பையன்_திண்டுக்கல்
மேடம் இவ்ளோ தெளிவா எங்க ஐடிஐல யாருமே சொல்லல, அங்க பாதி நாள் மெஷினே ஓடாது. சரி அப்ப வேக்கம் பம்ப் லிஸ்ட்ல ஏறிருச்சு. எத்தன சிஎஃப்எம், அதாவது நிமிஷத்துக்கு எத்தன கன அடி காத்து இழுக்கறது? சிங்கிள் ஸ்டேஜ் பாதி விலைக்கு கிடைக்குது.

#8 ஷார்ஜா_டக்ட்காரன்
வீட்டு ஸ்பிளிட்டுக்கு 3, 4 சிஎஃப்எம் தாராளம். பெருசா வாங்கி முதுகு ஒடிஞ்சுக்காத. ஆனா டூ ஸ்டேஜ் வாங்கு, சிங்கிள்ல ஒரு அளவுக்குக் கீழ இறங்காது. குறி 500 மைக்ரான், வேக்கத்த அளக்கற அளவு அது, எவ்ளோ குறையுதோ அவ்ளோ நல்ல வேக்கம். சாதா கேஜ்ல முள்ளு மைனஸ் 30ல ஒட்டிட்டு நிக்கும், 500ஆ 20 ஆயிரமானு அதுல தெரியவே தெரியாது. மைக்ரான் கேஜ் இப்ப வாங்க முடியாதுன்னா பரவால்ல, அரை மணி நேரம் ஓடவிட்டு வால்வ மூடி பத்து நிமிஷம் முள்ளு ஏறுதானு பாரு. ஏறினா லீக்.

எல்லாரும் மறக்கறது பம்ப் ஆயில். கண்ணாடில பால் கலந்த காபி மாதிரி தெரிஞ்சா அதுல தண்ணி கலந்துருச்சு, அப்புறம் ராத்திரி பூரா ஓட்டினாலும் வேக்கம் வராது. ஆயில் விலை கொஞ்சம்தான், சோம்பேறித்தனம்தான் ஜாஸ்தி. நான் இங்க வந்த புதுசுல ஒரு பம்ப்ப கெட்டுப்போச்சுனு ஓரமா வெச்சுட்டோம், ஒரு பிலிப்பினோ வந்து ஆயில மாத்தினான், ஓடுச்சு. அன்னிக்கு வெக்கமா போச்சு.

#9 ஹெல்பர்பையன்_திண்டுக்கல்
மாஸ்டர் அவரோட பழைய ஆர்22 கேஜ் செட்ட சும்மா குடுத்திருக்காரு. அத ஆர்32க்கு மாட்டலாமா? அதுல 3 ஆயிரம் மிச்சமாகும்.

#10 கோவை_கூலிங்
வேணாமுங்க தம்பி!! நான் மாட்டிப் பாத்திருக்கேன். ஆர்22 நின்னுட்டு இருக்கற மெஷின்ல 30 டிகிரிக்கு 160 பிஎஸ்ஐ கிட்ட காட்டும். ஆர்32 அதே சூட்டுல 265 கிட்ட. பழைய செட்ல லோ சைடு பாக்கற நீல கேஜ் 250 வரைக்கும்தானுங்க இருக்கும். மெஷின ஆன் பண்றதுக்கு முன்னாடியே முள்ளு சுத்தி வந்து அந்தப் பக்கம் முட்டி நிக்கும். அப்புறம் வெயில் அடிக்கற மத்தியானத்துல அவுட்டோர் ஓடும்போது கம்ப்ரசர் தள்ளற ஹை சைடு 440 கூட போகும். பழைய ஓஸ் பைப்பு அந்த அழுத்தத்துக்கு செஞ்சதில்ல, மூஞ்சிக்கு நேரா பிச்சுக்கும்.

800 பிஎஸ்ஐ ஹை சைடு போட்ட ஆர்410ஏ / ஆர்32 செட்டா வாங்குங்க, ரெண்டுக்கும் அழுத்தம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். மாஸ்டர் குடுத்தத ஆர்22 மெஷினுக்கு மட்டும் வெச்சுக்குங்க. ஆயில் கலக்காம இருக்கும்.

அப்புறம் 5/16 அடாப்டர் ரெண்டு. புது மெஷின்ல கேஜ் மாட்டற சர்வீஸ் போர்ட் பழைய கால் இன்ச் சைஸ் இல்ல. அது இல்லாம பழநி வரைக்கும் போய்ட்டு வெறுங்கையோட திரும்பி வந்த நாள் இருக்குது. விலை ஒரு பிரியாணி காசுதான். பைல ரெண்டு, பைக் டூல் டப்பால ஒண்ணு, எப்பவும்.

#11 கடலோர_ஏசி
ரெண்டு நாளா படிச்சிட்டே வரேன், யாருமே ஃப்ளேரிங் பத்தி பேசலியே. நான் திருவான்மியூர் பக்கம். எங்க ஏரியால உப்புக்காத்து, அவுட்டோர் நட்டெல்லாம் ரெண்டு வருஷத்துல பச்சை புடிச்சிரும், அதனால லீக் லீக்னுதான் வாழ்க்கையே. நான் பாக்கற லீக்ல முக்காவாசி ஃப்ளேர் ஜாயிண்ட்லதான் இருக்கு. அந்த முக்காவாசில உப்பு கொஞ்சம், மிச்சமெல்லாம் மெக்கானிக் செஞ்ச லட்சணம்.

எக்சென்ட்ரிக் ஃப்ளேரிங் டூல் வாங்கு தம்பி, கூம்பு நேரா இறங்காம உருண்டு உருண்டு விரிக்கும், ஓரம் வெடிக்காது. கட்டர நிதானமா சுத்து, அழுத்தி அழுத்தி சுத்தினா பைப் நெளியும். வெட்டினதும் உள் ஓரத்துல பிசிறு நிக்கும், ரீமர் போடும்போது பைப் வாய கீழ பாத்து புடி, இல்லன்னா அந்தத் தூள் உள்ள விழுந்து நேரா கேப்பிலரிங்கற மெல்லிசு குழாய்க்குதான் போகும். ஃப்ளேர் முதுகுல ரெண்டு சொட்டு, அந்த மெஷின் கம்ப்ரசர்ல இருக்கற அதே வகை ஆயில் தடவு. முகத்துல த்ரெட் டேப் சுத்தறவன நான் கண்ணால பாத்திருக்கேன், தண்ணி பைப்புனு நெனச்சிட்டான் போல.

டார்க் ரெஞ்ச் பத்தி. கால் இன்ச் நட்டு 14லேர்ந்து 18 நியூட்டன் மீட்டர், அரை இன்ச் 49லேர்ந்து 61னு பொதுவா சொல்வாங்க, அந்தந்த மெஷின் மேனுவல்ல இருக்கறதுதான் கணக்கு. புதுப் பையனுக்கு ரெண்டு தப்பும் நடக்கும், கால் இன்ச்ச வெறி புடிச்சு இறுக்கி வெட்டிடுவான், அரை இன்ச்ச பயந்து லூஸா விட்டுடுவான். காசு இருந்தா வாங்கு. இல்லன்னா யாராவது கிட்ட ஒரு நாள் வாங்கி பழைய பைப் துண்டுல பத்து தடவ இறுக்கிப் பாரு, கைக்கு அந்த வெயிட் தெரிஞ்சிரும்.

#12 கம்ப்ரசர்_தாத்தா
இதுல தப்பே இல்ல, கடலோர தம்பி சரியா சொல்றாப்ல. ஃப்ளேர் தெரியலன்னா நீ என்ன பம்ப் வெச்சும் பிரயோஜனம் இல்ல.

அப்புறம் கேஸ் வெல்டிங் செட்ட இப்பவே வாங்கிராத தம்பி. ஆக்சிஜன் சிலிண்டர், எல்பிஜி, டார்ச்னு முழுசா காசு முங்கிரும். காயில் லீக், கம்ப்ரசர் மாத்தறது வந்தா வெல்டிங் தெரிஞ்சவன கூட்டிட்டு போ, ஒரு சீசன் பக்கத்துல நின்னு பாரு. காப்பருக்கு காப்பர் சாதா பாஸ்பரஸ் ராடு போதும், ஃப்ளக்ஸ் வேணாம். பித்தளையோ இரும்போ வந்தா சில்வர் ராடு, ஃப்ளக்ஸ் வெக்கணும். இது தெரியாம பாஸ்பரஸ் ராட வெச்சு இரும்புல ஒட்டிட்டு, பாத்தா அழகா இருக்கும், ஒரு மாசம் குலுங்கினா புட்டுக்கும்.

#13 ஐடிஐ_வாத்தியாரம்மா
தாத்தா சொன்னதோட ஒரே ஒரு விஷயம் சேத்துக்கறேன். லீக் டெஸ்ட்டுக்கு நைட்ரஜன் மட்டும். வெல்டிங் செட்ல கையோட இருக்கேனு ஆக்சிஜன உள்ள ஏத்திடாதீங்க, ஆயிலும் ஆக்சிஜனும் அழுத்தத்துல சந்திச்சா வெடிக்கும், இதுல ரெண்டாவது பேச்சே கிடையாது. வெல்டிங் பண்ணும்போதும் பைப்புக்குள்ள லேசா நைட்ரஜன் ஓடவிடுங்க, இல்லன்னா உள்ள கருப்பா செதில் புடிச்சு அதெல்லாம் உதிர்ந்து ஃபில்டர அடைக்கும். வெல்டிங்குக்கு முன்னாடி கேஸ் முழுசா வெளிய போயிருக்கணும். நெருப்புல பட்ட ஆர்22 புகை நுரையீரலுக்கு எமன்.

சிலிண்டர் சொந்தமா வேணும்னு இல்ல. ரெகுலேட்டர் மட்டும் வாங்கிக்கிட்டு சிலிண்டர வாடகைக்கு எடுக்கலாம்.

#14 மூணாவதுமாடி_வேளச்சேரி
நான் மெக்கானிக் இல்லைங்க, எங்க வீட்டு ஏசி தண்ணி ஒழுகுதுனு தேடி இங்க வந்து மாட்டிக்கிட்டேன், ஆனா கஸ்டமர் சார்பா ஒண்ணு சொல்லலாமா? நீங்க சொல்ற கேஜ் மைக்ரான்லாம் எங்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியறது, வர்றவரு எங்க வீட்டு டைனிங் சேர் மேல செருப்போட ஏறுறாரா இல்ல சொந்தமா ஏணி கொண்டு வர்றாரானுதான். போன தடவ வந்தவர் வாட்டர் சர்வீஸ் பண்ணி முடிக்கும்போது எங்க கட்டில், கம்பளி, சுவத்துல மாட்டியிருந்த மாமனார் படம் வரைக்கும் கருப்புத் தண்ணி. அவர் வேலை நல்லாத்தான் பண்ணினார், ஏசி ஜில்லுனு இருக்கு. ஆனா நான் மறுபடியும் அவர கூப்பிடல.

#15 கோவை_கூலிங்
அக்கா சொன்னதுதான் இந்த இழைலயே விலை உயர்ந்த பதிலுங்க, சிரிக்காதீங்க. தம்பி எழுதிக்கங்க: இண்டோருக்கு மாட்டற வாஷிங் கவர், ரெண்டு பக்கெட், பழைய பெட்ஷீட் நாலு, தொடைக்கற துணி, ஒரு சின்ன ஜெட் வாஷர், மடக்கற ஏணி. முதல் வருஷம் உங்க சம்பாத்தியத்துல பெரும்பங்கு சர்வீஸ்ல இருந்துதான் வரும், கேஸ் சார்ஜிங்ல இருந்து இல்ல. ஜெட் வாஷர் பிரஷர கம்மியா வெச்சு காயிலுக்கு நேரா அடிங்க, சாய்ச்சு அடிச்சா ஃபின் எல்லாம் சீப்பு ஒடிஞ்ச மாதிரி மடங்கிரும். மடங்கினா நேர் பண்ண ஃபின் சீப்புனே ஒண்ணு இருக்கு, நூறு இருநூறு ரூவாதான்.

பிசிபிங்கற எலக்ட்ரானிக் போர்டு மேல தண்ணி படாம பாலித்தீன் சுத்துங்க. இன்வெர்டர் அவுட்டோர்னா பவர ஆஃப் பண்ணிட்டு உடனே கைய வெக்காதீங்க. உள்ள இருக்கற பெரிய கெப்பாசிட்டர்ல 300 வோல்ட்டுக்கு மேல டிசி தேங்கி நிக்கும், மீட்டர்ல டிசி வெச்சு அது இறங்கிருச்சானு பாத்துட்டு தொடுங்க. ஸ்க்ரூ ட்ரைவர வெச்சு ஷார்ட் பண்றது வீரம் இல்லீங்க, போர்டு போயிரும்.

#16 ஹெல்பர்பையன்_திண்டுக்கல்
கேஸ நிறுத்துப் போட வெயிங் ஸ்கேல் கட்டாயமாண்ணே? மாஸ்டர் பிரஷர் பாத்துதான் போடுவாரு, சக்‌ஷன் பைப்ப தொட்டுப் பாத்து "ம், போதும்"பாரு.

#17 ஷார்ஜா_டக்ட்காரன்
ஆர்22 ஃபிக்ஸட் ஸ்பீடு மெஷின்ல உங்க மாஸ்டர் கைக்கு நான் சல்யூட் அடிப்பேன், 65, 70 பிஎஸ்ஐ சக்‌ஷன், பைப் வேர்த்துருச்சா, ஆம்ப்ஸ் சரியா, முடிஞ்சது. இன்வெர்டர்ல கம்ப்ரசர் தன் இஷ்டத்துக்கு வேகத்த ஏத்தி இறக்கும், நீ பாக்கற பிரஷர் அந்த நிமிஷத்து பிரஷர்தான். அத நம்பி கேஸ் ஏத்தினா ஓவர் ஆயிரும். அவுட்டோர் ஸ்டிக்கர்ல எத்தன கிராம்னு எழுதியிருக்கும், காலி பண்ணி வேக்கம் போட்டு அத்தனையே கிராம் நிறுத்துப் போடு. 1.5 டன் ஆர்32 மெஷின்ல மொத்தமே பெரும்பாலும் ஒரு கிலோவுக்கு உள்ளதான் இருக்கும், அதுல 150 கிராம் ஜாஸ்திங்கறது சின்ன விஷயம் இல்ல.

ஆர்410ஏ வேற கதை, அது ரெண்டு கேஸ் பாதிக்குப் பாதி கலந்தது, சிலிண்டர தலைகீழா கவுத்து லிக்விடா எடுக்கணும். ஆர்32 ஒரே கேஸ், அந்தத் தொல்லை இல்ல.

#18 ஹெல்பர்பையன்_திண்டுக்கல்
எங்க மாமா ஒட்டன்சத்திரம் மார்க்கெட்ல காய்கறி மண்டில இருக்காரு. அவர்கிட்ட ஒரு எலக்ட்ரானிக் தராசு சும்மா கிடக்கு, 30 கிலோ வரைக்கும், 5 கிராம் 5 கிராமா காட்டும். சிரிக்காதீங்க, அது ஆகுமா?

#19 ஷார்ஜா_டக்ட்காரன்
சிரிச்சிட்டேன் டா. ஆனா ஆகும். சிலிண்டர் ஆடாம நிக்கணும், ஓஸ் தராசு மேல தொங்கி இழுக்காம பாத்துக்க. வெங்காயத் தோல தட்டிட்டு கொண்டு போ.

#20 கடலோர_ஏசி
பெல்ட்ட மறந்துட்டீங்க எல்லாரும். முழு உடம்பு ஹார்னஸ், இடுப்புல மட்டும் கட்டற பெல்ட் இல்ல. எங்க கூட்டத்துல ஒருத்தன், என்கூடவே ஹெல்பரா சேந்தவன், மூணாவது மாடி சன்ஷேடுல நின்னு அவுட்டோர் நட்ட கழட்டும்போது துருப்புடிச்ச ஸ்டாண்டு அப்படியே பேத்துக்கிச்சு. உயிர் இருக்கு. நடக்க முடியல. ஹார்னஸ் இல்லியானு கேக்காதீங்க, வண்டில இருந்துச்சு, "அஞ்சு நிமிஷ வேலைதான"னு எடுக்கல.

அவுட்டோர் ஸ்டாண்டு மேல எடை போடறதுக்கு முன்னாடி போல்ட்ட சுத்தியலால தட்டி சத்தத்த கேளுங்க. கடல் பக்கம்னா கண்டிப்பா.

#21 கம்ப்ரசர்_தாத்தா
கேட்கவே கஷ்டமா இருக்கு. எங்க காலத்துல கயிறுதான், அதுவும் ஜன்னல் கம்பில கட்டுவோம். எத்தன தடவ தப்பிச்சோம்னு இப்ப நெனச்சா வயித்த கலக்குது. தம்பி, பம்ப் விஷயத்துல என்கூட சண்ட போடு, இதுல போடாத, பெல்ட் வாங்கு.

#22 ஷார்ஜா_டக்ட்காரன்
தம்பி நாளைக்கு வெளிநாடு வர்ற ஐடியா இருந்தா ஒரு வார்த்தை. இங்க கம்பெனில பம்ப், ஸ்கேல், வெல்டிங் செட் எல்லாம் அவங்களே குடுத்துருவாங்க. நான் எடுத்துட்டு வந்தது என் மீட்டரும் ஆலன் கீ செட்டும்தான். ட்ரேடு டெஸ்ட்ல என்கிட்ட கேட்டது ஒரு வெல்டிங் ஜாயிண்ட், ஒரு ஒயரிங் டயக்ராம், ஒரு ஃபால்ட். சாமான் யாரும் கேக்கல. அதனால ஊர்ல வாங்கறத ஊர்ல சம்பாதிக்கறதுக்குனு வாங்கு. ஒரு தடவ தாத்தாகிட்ட போய் வெல்டிங் கத்துக்க, அது எந்த நாட்டுலயும் கை விடாது.

#23 ஐடிஐ_வாத்தியாரம்மா
ஆர்22 சாமான்ல இனிமே ரொம்ப காசு போட வேண்டாம்னு சொல்றதுக்கு ஒரு காரணமும் இருக்கு. 2025 ஜனவரி 1-லேர்ந்து இந்தியால புது மெஷின் தயாரிக்க ஆர்22 மாதிரி, ஓசோன் படலத்த கெடுக்கற ஹெச்சிஎஃப்சி வகை கேஸ் பயன்படுத்தக்கூடாது. வீடுகள்ல இருக்கற பழசு இன்னும் பல வருஷம் ஓடும், சர்வீஸ் வரும், ஆனா குறைஞ்சுகிட்டே போகும். புரொபேன் மெஷின், அதாவது ஆர்290, அதுவும் நம்ம ஊர்ல இருக்கு, அது நல்லாவே பத்திக்கும், பயிற்சி இல்லாம அதுல கை வெக்காதீங்க. ஒரு டிரை பவுடர் தீயணைப்பான் பைல இருக்கட்டும், ஒரு கிலோ சைஸ் போதும்.

#24 ஹெல்பர்பையன்_திண்டுக்கல்
மூணு வாரம் கழிச்சு வரேன், கோச்சுக்காதீங்க, வேலை நிக்கல.

வாங்கினது சொல்றேன். டூ ஸ்டேஜ் பம்ப் 9,200. ஆர்32 கேஜ் செட் அடாப்டரோட 3,400. மீட்டர் 2,800, சென்னைல சித்தி பையன் ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கி பஸ்ல போட்டு அனுப்பினான். எக்சென்ட்ரிக் ஃப்ளேரிங் 3,600, கட்டர் ரீமர் 900. கை சாமான் மொத்தம் 3,500, அதுல ஆலன் கீயும் 17, 22, 26 ஸ்பேனரும் அடக்கம். ஜெட் வாஷர் 5,500, கவர் 700, ஏணி 4,000, ஹார்னஸ் 1,600. தராசு மாமா புண்ணியத்துல சும்மா. கூட்டிப் பாத்தா 35 ஆயிரத்து 200. மிச்சத்துல கேஸ் சிலிண்டர், நைட்ரஜன் ரெகுலேட்டர். ஹேமர் ட்ரில் இப்போதைக்கு எலக்ட்ரீஷியன் அண்ணன்கிட்ட வாடகை, ஒரு நாளைக்கு 200. டார்க் ரெஞ்ச் வாங்கல, மாஸ்டர் வீட்ல போய் பழைய பைப்ல பத்து தடவ இறுக்கிப் பாத்தேன், அவரும் கூட உக்காந்து பாத்தாரு, ஒண்ணும் சொல்லல.

முதல் சொந்த இன்ஸ்டலேஷன் நத்தத்துல. சொல்லவே வெக்கமா இருக்கு, அரை இன்ச் பைப்ப அளந்து வெட்டி ரீமர் போட்டு, அவ்ளோ அழகா ஒரு ஃப்ளேர் அடிச்சு, போட்டோல்லாம் எடுத்து, அப்புறம் பாத்தா நட்டு கைல இருக்கு. பைப்ல மாட்டவே இல்ல. வெட்டிட்டு மறுபடியும் அடிச்சேன். அவசரத்துல ரெண்டாவது ஃப்ளேர்ல ரீமர் போடல. நைட்ரஜன் 350 பிஎஸ்ஐ ஏத்தினேன், சோப்புத் தண்ணி தடவினா குமிழ் குமிழா வருது. மூணாவது தடவதான் நின்னுச்சு. பைப் ஒரு சாண் குட்டையாகி அவுட்டோர நகத்தி வெச்சேன். வீட்டுக்காரம்மா "ஏன் தம்பி இவ்ளோ நேரம்"னாங்க, "நல்லா பண்றேங்க்கா"னு சொல்லி சமாளிச்சேன். ஆனா பெட்ஷீட் விரிச்சுத்தான் வேலை பாத்தேன், அவங்க பக்கத்து வீட்டுக்கும் சொல்லிவிட்டாங்க.

#25 கோவை_கூலிங்
நட்டு மாட்டாம ஃப்ளேர் அடிக்காதவன் இந்தத் தொழில்லயே கிடையாதுங்க தம்பி. நான் ரெண்டு பக்கமும் அடிச்சு, ரெண்டு பக்கமும் மறந்தவன்.

#26 கடலோர_ஏசி
ரெண்டு பக்கமும் + 1. அதுவும் சுவத்துக்குள்ள பைப்ப விட்டதுக்கப்புறம்.

#27 கம்ப்ரசர்_தாத்தா
நல்லது தம்பி, நைட்ரஜன் போட்டதாலதான் லீக் மாட்டுச்சு, இல்லன்னா பத்து நாள்ல கேஸ் போச்சுனு போன் வந்திருக்கும். சரி ஒண்ணு கேக்கறேன், யாரும் நக்கல் பண்ணக்கூடாது. அந்த பம்ப்ல ஆயில் எந்த அளவுக்கு ஊத்தணும்? பேரனோட சிநேகிதன் ஒருத்தன் வாடகைக்கு ஒண்ணு கொண்டு வந்து வெச்சிருக்கான், நாளைக்கு ரெண்டு ஆர்32 மெஷின் மாட்டணும். ஆர்22க்கு நான் பழைய முறைதான், அத மாத்திக்க மாட்டேன்.

#28 ஹெல்பர்பையன்_திண்டுக்கல்
கண்ணாடில ரெண்டு கோடு இருக்கும் தாத்தா, அதுக்கு நடுவுல நிக்கணும். பம்ப் ஓடிட்டு இருக்கும்போது பாருங்க. எக்ஸாஸ்ட் மூடிய கழட்டிட்டு ஆன் பண்ணுங்க, நான் மொத நாள் கழட்டாம போட்டு அது மூடியத் தூக்கி எங்க வீட்டு சீலிங்ல அடிச்சிருச்சு.